மகளுக்கு ஓவிய வரலாறும் வேண்டும், கண் அறிவியலும் வேண்டும் என்றால்

அன்றைக்குப் பேசி முடித்துக் கிளம்பும்போது மகள் முன்னால் நடந்துவிட்டாள். நீங்கள் மட்டும் கதவருகே நின்று கேட்டீர்கள்: "ஓவியத்தோட வரலாறும் படிக்கணும்கிறா, கண் எப்படிப் பார்க்குதுன்னும் படிக்கணும்கிறா. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா ஆயிடாதா சார்?" நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த இரண்டையும் அவள் புதிதாக முடிச்சுப் போடவில்லை. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறிப்போனதாகக் காட்டின. அதாவது கோளாறு தொட்டியில் இல்லை, பார்க்கிற கண்ணில். இதை விரித்து 1839-இல் புத்தகமாகப் போட்டார். புள்ளிகளாலேயே ஓவியம் தீட்டிய சூரா அதைப் படித்தார். இன்றைக்கும் பார்வை அறிவியலில் அந்த விளைவு பாடமாக இருக்கிறது.

சரி, இவ்வளவு பழைய உறவு என்றால் சிக்கல் எங்கே? இரண்டு துறையும் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளை வெவ்வேறு இணையக் கிடங்குகளில் அடுக்கி வைத்திருக்கின்றன. கலை வரலாற்றுக்காரர்கள் போய் நிற்பது ஜேஸ்டோரில். கண், மூளை ஆராய்ச்சிக்காரர்கள் போய் நிற்பது பப்மெட்டில். ஒரு கிடங்கின் சாவி இன்னொன்றைத் திறக்காது. சாவி என்று நான் சொல்வது சொற்களை.

மோனாலிசாவின் புன்னகையையே எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டோரத்தில் கோடே இல்லாமல் நிழலைப் புகைபோலக் கரைத்திருக்கிறார் லியனார்டோ. கலை வரலாற்றில் இதற்கு ஸ்ஃபுமாட்டோ என்று பெயர். ஜேஸ்டோரில் அந்தச் சொல்லைப் போட்டால் கட்டுரைகள் கொட்டும். பப்மெட்டில் அதையே போட்டால் ஏறக்குறைய வெறுங்கைதான். அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றிச் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். நாம் மோனாலிசாவின் கண்களைப் பார்க்கும்போது உதடு நம் ஓரப் பார்வையில் விழுகிறது. ஓரப் பார்வைக்கு நுணுக்கம் தெரியாது, மங்கலான பெரிய நிழல்கள்தான் தெரியும். அந்த நிழல்களில் புன்னகை கூடுதலாக இருக்கிறது. உதட்டையே உற்றுப் பார்த்தால் அது குறைந்துவிடுகிறது. இந்த விளக்கத்தில் வரும் சொற்கள் 'ஸ்பேஷியல் ஃப்ரீக்வென்சி' (படத்தின் விவரம் எவ்வளவு நுணுக்கம், எவ்வளவு மங்கல் என்ற அளவு), 'பெரிஃபெரல் விஷன்' (ஓரப் பார்வை) போன்றவை. அதே உதடு, அதே நிழல், பெயர் மட்டும் வேறு.

இதைவிட மோசமான பொறி, ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருந்து பொருள் மட்டும் மாறுவது. 'கேஸ்' (gaze, பார்வை) என்றால் கலை வரலாற்றில் யார் யாரைப் பார்க்கும் உரிமை பெற்றவர் என்ற அதிகாரப் பேச்சு. பார்வை அறிவியலில் அதே 'கேஸ்', கருவிழி இந்த நொடியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்கிற அளவு. என்னிடம் வந்த ஒரு மாணவன் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடி, ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத அறுபது கட்டுரைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். தவறில் பாதி என்னுடையது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஓவியர்கள் வெளிச்ச அளவுக்குச் சொல்லும் 'வேல்யூ'வும் அப்படித்தான். தேடுபெட்டியில் போட்டால் விலை, எண், மதிப்பு எல்லாம் வந்து குவியும். கண் ஆராய்ச்சியில் அதற்கு இணையானது 'லூமினன்ஸ்'. படத்தைப் பார்ப்பவரைக் கலைக்காரர் 'பிஹோல்டர்' என்பார், ஆய்வகத்துக்காரர் 'அப்சர்வர்' என்பார்.

அதனால் உங்கள் மகளிடம் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் ஓவியக்காரர் சொல், வலப்பக்கம் கண்காரர் சொல். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரி. பப்மெட்டில் கட்டுரைகளுக்கு மெஷ் என்ற சொற்பட்டியலிலிருந்து அடையாளச் சொற்கள் இட்டிருப்பார்கள். கலைப் பக்கத்தில் கெட்டி (Getty) என்ற நிறுவனம் வைத்திருக்கும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் இருக்கிறது. இரண்டும் இலவசம். அவற்றிலிருந்து சொல் எடுத்தால் நோட்டு வேகமாக நிறையும்.

அப்புறம், மேற்கோள் தடம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரைக்குக் கீழே அதை யார் யார் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று ஓர் இணைப்பு இருக்கும். லிவிங்ஸ்டனின் அந்தக் கட்டுரைக்கு அதைச் சொடுக்கிப் பார்த்தால் பட்டியலில் மருத்துவ இதழும் வரும், கலை இதழும் வரும். எந்த ஒற்றைச் சொல்லும் கட்டாத பாலத்தை அந்தப் பட்டியல் கட்டிவிடும். சொல் தெரியாத நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

கிடங்குகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஜேஸ்டோரில் பல இதழ்களுக்குக் கடைசிச் சில ஆண்டுகளின் இதழ்கள் இருக்காது. அதனால் 'புதிதாக யாரும் எழுதவில்லை' என்று நினைத்துவிடக் கூடாது. இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு இத்தனை கட்டுரை என்ற அளவில் திரையில் படிக்கலாம். பப்மெட்டில் பெரும்பாலும் சுருக்கம்தான் கிடைக்கும். முழுக் கட்டுரைக்கு பப்மெட் சென்ட்ரல் போக வேண்டும். 'ஜர்னல் ஆஃப் விஷன்' முழுவதும் இலவசம். இன்னொன்று: கலை வரலாற்றின் கனமான வேலைகள் பல புத்தகங்களிலும் கண்காட்சிப் பட்டியல் நூல்களிலும் இருக்கின்றன. கட்டுரைத் தளங்களை மட்டும் சலித்தால் அவை அகப்படாது, நூலகத்துக்கு நடந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் படிக்காமல் துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு எல் கிரேக்கோ என்ற ஓவியரின் கதை போதும். அவர் வரைந்த உருவங்கள் நீளநீளமாக இருக்கும். கண்ணில் சிதறல் பார்வைக் கோளாறு இருந்திருக்கும், அதனால் உலகமே அவருக்கு நீண்டு தெரிந்திருக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் மருத்துவர்கள் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகம் நீண்டு தெரிந்தால் அவர் தீட்டும் துணியும் அதே அளவு நீண்டுதானே தெரியும்? இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நமக்குச் சரியான அளவிலேயே படம் வந்திருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் கண்புரை நேர் எதிரான கதை. 1912-இல் கண்டறிந்தார்கள், 1923-இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அந்த ஆண்டுகளின் கடிதங்களும் ஓவியங்களும் கலை வரலாற்றில் பதிவாகி இருக்கின்றன. புரை விழுந்த கண்ணுக்கு அவருடைய தோட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்று மைக்கேல் மார்மர் என்ற கண் மருத்துவர் 2006-இல் கணினியில் உருவாக்கிக் காட்டினார். ஆவணமும் ஒளியியலும் கைகோத்த வேலை அது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதற்காகத்தான் காத்திருந்தீர்கள் என்று தெரியும். இரண்டு துறையின் பெயரையும் சேர்த்துக் கேட்கும் விளம்பரம் அரிது. பல்கலைக்கழகப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஆனால் ஓவியங்கள் சிதையாமல் காக்கும் அருங்காட்சியக ஆய்வகங்கள், திரை, கேமரா தயாரிப்பவர்களின் வண்ண ஆய்வுப் பிரிவுகள், கண்ணசைவை அளந்து செயலிகளைச் சோதிக்கும் பயனர் ஆய்வு, பட ஆவணக் காப்பகங்கள், ஆய்வு நூலகங்கள் எல்லாம் இந்தக் கலவையில் ஏதாவது ஒரு பாதிக்காக ஆள் எடுக்கின்றன. மறு பாதி அங்கே போனபிறகு கைகொடுக்கும்.

ஆகவே இளங்கலையில் ஏதாவது ஒன்றைத்தான் முதன்மையாக எடுக்க வேண்டும். இரண்டின் பெயரையும் தாங்கிய பட்டத்தைத் தேடி அலைவதை நான் ஆதரிப்பதில்லை. அறிவியல் பக்கம் என்றால் உளவியல் அல்லது நரம்பியல், கூடவே புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட்டுப் பின்னால் தனியாகக் கற்பது பெரும்பாடு. கலைப் பக்கம் என்றால் இன்னொரு ஐரோப்பிய மொழி வேண்டியிருக்கும். பழைய ஆவணங்கள் ஆங்கிலத்தில் காத்திருக்காது. எதை எடுத்தாலும் மற்றதன் கிடங்கில் மாதம் நான்கு கட்டுரை படித்தால் போதும்.

எதை முதன்மையாக எடுப்பது என்று இப்போதே நான் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மோனே 1872-இல் தீட்டிய 'சூரியோதயம்' ஓவியத்தைக் கைப்பேசியில் எடுத்து அவளிடம் கொடுங்கள். செம்மஞ்சள் சூரியன் கண்ணைப் பறிக்கும். அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்லுங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும், ஏனென்றால் அதன் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள வானத்தின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அவள் முதலில் கேட்கும் கேள்வியை மட்டும் அப்படியே எழுதி வையுங்கள். 'கண்ணுக்கு ஏன் இப்படி ஆகுது?' என்று கேட்கிறாளா, 'இது தெரிஞ்சுதான் வரைஞ்சாரா?' என்று கேட்கிறாளா? அடுத்த முறை வரும்போது அந்த வரியையும் நோட்டையும் கொண்டுவாருங்கள், விண்ணப்பம் போடுவதைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.