டிக்கெட்டில் யூ.டி.எஃப்: அந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: டெல்லியிலிருந்து மும்பைக்குப் போக, வர டிக்கெட் எடுத்தேன். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே யூ.டி.எஃப் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று. விமான நிறுவனம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறதா?

பதில்: இல்லை. யூ.டி.எஃப் என்பது பயனர் மேம்பாட்டுக் கட்டணம், அதாவது விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்குப் பயணி கட்டுவது. அதை வசூலித்து விமான நிலையத்திடம் ஒப்படைப்பதுதான் விமான நிறுவனத்தின் வேலை. தொகையை முடிவு செய்வது ஏரா எனப்படும் விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009-ல் உருவானது. ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல் வந்துபோகும் நிலையங்கள் இதன் கையில். முதலில் இந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது, 2019-ல் உயர்த்தினார்கள்.

உங்கள் டிக்கெட்டையே பார்ப்போம். 2025-ல் நடைமுறைக்கு வந்த ஆணைகளின்படி, உள்நாட்டுப் பயணிக்கு டெல்லியில் ஏற 129 ரூபாய், இறங்க 56. மும்பையில் ஏற 175, இறங்க 75. ஆக டெல்லியிலிருந்து மும்பை போனால் 129-ம் 75-ம் சேர்ந்து 204 ரூபாய். திரும்பி வந்தால் 175-ம் 56-ம் சேர்ந்து 231. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. வித்தியாசம் வந்தது இதனால்தான். இதற்கு முந்தைய கட்டணத்தில் ஏறும் இடத்தில் மட்டும்தான் பிடித்தார்கள். இப்போது இறங்கும் இடத்திலும் பிடிக்கிறார்கள்.

பக்கத்திலேயே பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு 200 ரூபாய் இருக்கும். அதற்கும் ஏராவுக்கும் சம்பந்தமில்லை, அது மத்திய அரசு வைப்பது. கன்வீனியன்ஸ் ஃபீ மட்டும் டிக்கெட் விற்பவர் சொந்தமாகப் போட்டுக்கொள்வது.

கேள்வி: 129, 175 என்று எந்தக் கணக்கில் வருகிறது?

பதில்: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறார்கள். ஓடுபாதை, முனையக் கட்டடம் போன்ற சொத்துகளின் மதிப்பு, அதில் போட்ட பணத்துக்கு நியாயமான லாபம், தேய்மானம், நடத்தும் செலவு, வரி எல்லாவற்றையும் கூட்டுவார்கள். கடை வாடகை, விளம்பரம், கார் பார்க்கிங் போன்றவற்றில் நிலையத்துக்கு வரும் வருமானத்தில் 30 சதவீதத்தை அதிலிருந்து கழிப்பார்கள். மிச்சம்தான் கட்டணமாக வசூலிக்க வேண்டிய தொகை. விமானம் இறங்கவும் நிற்கவும் விமான நிறுவனங்கள் கட்டுவது ஒரு பகுதி, யூ.டி.எஃப் இன்னொரு பகுதி.

இதில் பயணி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எதிர்பார்த்த அளவு ஆள் வராவிட்டால், விழுந்த துண்டு அடுத்த ஐந்தாண்டுக் கணக்கில் வட்டியோடு சேரும். அதிகமாக வசூலாகிவிட்டால் அதே வழியில் கழியும். கோவிட் காலத்தில் காலியாகக் கிடந்த முனையங்களின் நஷ்டம் பின்னால் பறந்தவர்கள் தலையில் ஏறியது இப்படித்தான். வியாபாரத்தில் ஆள் வராவிட்டால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய முதலீட்டுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்காது என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

நமக்குச் சாதகமான விதியும் உண்டு. ஒப்புக்கொண்ட காலத்துக்குள் ஒரு கட்டுமானத்தை முடிக்காவிட்டால், முடியாத வேலையின் மதிப்பில் 1 சதவீதத்தைக் கழிப்பதாக ஏரா தன் ஆணைகளில் எழுதுகிறது.

ஆணை வருவதற்கு முன் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை ஏரா தன் இணையதளத்தில் போடும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். விமான நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தனிப் பயணிகள் எழுதுவது அபூர்வம்.

கேள்வி: இவ்வளவு வாங்குகிறார்களே, வரிசையில் காத்துக் கிடந்தால் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் கைக்குக் கிடைக்காது. சேவைத் தரத்தைக் கண்காணிப்பது ஏராவின் சட்டப்படியான கடமைதான். ஆனால் சோதனை வரிசையில் பெரிய நிலையங்களில் ஆளைச் சோதிப்பது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. இடமும் இயந்திரமும் நிலையத்தினுடையது. தாமதமானால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். லண்டன் ஹீத்ரோவில் சோதனை வரிசைக்கு நிமிடக் கணக்கில் இலக்கு உண்டு. தவறினால் நிலையம் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி போய்ச் சேர்வது விமான நிறுவனங்களுக்கு.

கேள்வி: உள்ளே டீ விலையையும் ஏராதான் வைக்கிறதா?

பதில்: இல்லை. டீ, சாப்பாடு, கார் பார்க்கிங் எல்லாம் அதன் வரம்புக்கு வெளியே.

கேள்வி: சலுகை விலையில் எடுத்த டிக்கெட். போக முடியவில்லை. 'ரீஃபண்ட் கிடையாது' என்கிறார்கள்.

பதில்: அடிப்படைக் கட்டணத்துக்கு அப்படிச் சொல்லலாம். யூ.டி.எஃப்-ஐயும் அரசு வரிகளையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். சலுகை டிக்கெட்டானாலும், ரத்து செய்யாமல் சும்மா போகாமல் விட்டிருந்தாலும் இது பொருந்தும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.-வின் விதி அப்படித்தான் சொல்கிறது. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது.

டிக்கெட் எடுக்கும்போதே கட்டண விவரம் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, 'யூ.டி.எஃப் மற்றும் வரிகளைத் திருப்பித் தரவும்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசினால் அத்தாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் விமானப் பயணிகளின் புகாருக்காக மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கேள்வி: நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறினால் அங்கேயும் யூ.டி.எஃப் உண்டா? கைக்குழந்தைக்கு?

பதில்: ஒரே டிக்கெட்டாக இருந்து, 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் மாறும் இடத்தில் கிடையாது. காசு மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் அங்கேயும் கட்ட வேண்டியிருக்கும்; மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து எடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு யூ.டி.எஃப் கிடையாது.