பதில்: காட்டு ஒலிவக் காட்டுக்கு ஷானன் எண் 0.35தானா?

வணக்கம் தம்பி. 100 மரத்தில் காட்டு ஒலிவம் 70, ஜூனிப்பர் 20, இன்னொரு வகை 10. ஷானன் எண் (மரவகைகளின் பன்மையைக் காட்டும் அளவு) 0.35 வருகிறது, எத்தியோப்பிய மலைக்காடு மரவகையில் இவ்வளவு வறட்சியா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கால்குலேட்டரில் தட்டியது 'லாக்', அதாவது 10 அடிப்படை மடக்கை. இயல் மடக்கையான 'எல்என்' தட்டுங்கள், 0.80 வரும்.

அதுவும் சின்ன எண்தான். மலேசியாவின் பாசோ மழைக்காட்டில் 50 ஹெக்டேரில் 800 மரவகைக்கு மேல் இருப்பதைப் படித்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிரை நிரையாகப் பால்மரம் (ரப்பர்), வேறு வகையே இல்லை. அதற்குக் கணக்குப் போட்டால் சுத்தமாக 0!

உங்கள் பட்டியலில் மரம் மட்டும்தானே இருக்கிறது? அந்த எத்தியோப்பியக் காடுகளின் வளத்தில் நல்ல பங்கு புதரில். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விராலியும் சிறுகளாவும் அங்கேயும் உண்டு. பறவை ஒலிவப் பழத்தைத் தின்று புதரடியில் கொட்டையைப் போடும். அந்த நிழலில்தான் கன்று வெயிலுக்கும் ஆட்டுவாய்க்கும் தப்பி எழும். புதரைத் தனி அட்டவணையாக எண்ணுங்கள், மரத்தோடு கலக்காதீர்கள். கன்றுகளையும் தனியாக. பெரிய ஒலிவம் 70 இருந்து கன்று இரண்டே என்றால், ஆசிரியரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.