கேளுங்கோ, சொல்லுறன்: பழைய றொக் அல்பங்களைத் திரும்பக் கேக்கேக்க

போன இதழில "நீங்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற றொக் அல்பம் எது, அதைப் பற்றி என்ன கேக்க ஆசை" எண்டு கேட்டிருந்தம். வந்த கடிதங்களில பாதிக்கு மேல எங்கட திருகோணமலைப் பக்கத்தில இருந்துதான், வாசிக்க வாசிக்க அவ்வளவு சந்தோசம். எல்லாத்துக்கும் இடம் காணாது, ஆனபடியா கொஞ்சத்தைத் தெரிஞ்செடுத்திருக்கிறன்.

ஐயா, எண்பதுகளில கசற்றில கேட்ட டயர் ஸ்ரெயிற்ஸின்ர "பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்" அல்பத்தை இப்ப மகள் போனில போட்டுத் தந்தவ. பாட்டு அதேதான், ஆனா அந்த ருசி இல்ல. எனக்குக் காது போட்டுதோ, இல்லாட்டி பாட்டை மாத்திப் போட்டாங்களோ?
— வாசகர், உவர்மலை

உங்கட காதில ஒரு பிழையுமில்ல அண்ணை. முதல்ல ஒரு நல்ல விசயம் சொல்லுறன், அந்த அல்பம் 1985இல வரேக்க பெரிய ரெக்கோர்ட் தட்டில இடம் காணாம சில பாட்டுகளை வெட்டித்தான் போட்டவை, கசற்றிலயும் சீடியிலயும்தான் முழுசா வந்தது, "வை வொரி" எண்ட பாட்டை எடுத்துப் பாருங்கோ, தட்டில அஞ்சு நிமிசம் சொச்சம், சீடியில எட்டரை நிமிசம். ஆக தட்டு வாங்கக் காசில்லாம கசற் வாங்கின எங்கட ஆக்களுக்குத்தான் முழுப்பாட்டும் கிடைச்சது! போனில இப்ப இருக்கிறதும் பொதுவா அந்த நீளமான வடிவம்தான், நிமிசத்தைப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

ருசி போறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு, போன் தன்ர பாட்டில பாட்டுகளைக் குலைச்சுப் போடும், முதலாவதுக்குப் பிறகு ஏழாவது வரும், நடுவில வேற ஆரின்ரயோ பாட்டு வரும், அந்த ஷஃபிளை மகளைக் கொண்டு நிப்பாட்டச் சொல்லுங்கோ. மற்றது, சில அல்பங்களை "ரீமாஸ்டர்" எண்டு திரும்ப வெளியிடேக்க மெல்லிய இடம் பெலத்த இடம் எல்லாத்தையும் ஒரே அளவு சத்தத்துக்குத் தூக்கி விட்டிருப்பினம். கேட்ட உடன நல்லாத்தான் இருக்கும், அரை மணித்தியாலத்தில காது களைச்சுப் போகும். புது அல்பங்களுக்கும் இந்த வருத்தம் இருக்கு, மெற்றலிக்கா பாண்டின்ர "டெத் மக்னெற்றிக்" 2008இல வரேக்க சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கிற்றாரே கரகரத்துப் போச்செண்டு ரசிகர்கள் சண்டைக்கே போனவை, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில வந்த வடிவம் அதைவிடத் துப்பரவா இருந்தது. அதால ஒரே அல்பத்துக்கு ரெண்டு மூண்டு பதிப்பு இருந்தா பழசைத்தான் முதல்ல போட்டுக் கேக்கச் சொல்லுவன், சத்தம் குறைவா இருந்தா நீங்களே கூட்டுங்கோ.

"ஸ்மோக் ஒன் த வோட்டர்" உண்மையா நடந்த கதை எண்டு பொடியள் சொல்லுறாங்கள். மெய்யோ?
— வாசகர், சீனக்குடா

ஒரு வரியும் கற்பனையில்ல. இந்தப் பாட்டைப் போட்ட டீப் பேர்ப்பிள் பாண்ட் ஆக்கள் "மெஷின் ஹெட்" அல்பத்தைப் பதிவு செய்ய சுவிஸில மொன்த்ரோ எண்ட ஏரிக்கரை ஊருக்குப் போனவை, அங்க இருந்த கசினோ மண்டபத்திலதான் பதிவு செய்யிறதா இருந்தது. அதுக்கு முதல் 1971 டிசம்பர் 4, அதே மண்டபத்தில ஃப்ராங்க் ஸப்பாவின்ர கச்சேரி, சனத்துக்குள்ள இருந்த ஒருத்தர் வெளிச்சக் குண்டுத் துவக்கை மேல பாத்துச் சுட்டுப் போட்டார், கூரை பத்தி முழுக் கட்டடமும் எரிஞ்சு போச்சு. ஏரிக்கு மேல புகை படர்ந்து கிடந்ததை இவை ஹோட்டல் ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்டிருக்கினம், அதுதான் பாட்டு. பாட்டில வாற "ஃபங்கி குளோட்" கூட உண்மையான ஆள்தான், மொன்த்ரோ ஜாஸ் விழாவை நடத்தின குளோட் நொப்ஸ், உள்ள அகப்பட்ட பிள்ளையளை வெளியில எடுக்க ஓடித் திரிஞ்சவர்.

எனக்குப் பாட்டைவிட அதுக்குப் பிறகு நடந்ததுதான் பிடிக்கும். வேற ஒரு மண்டபத்துக்குப் போய் இரவில வாசிக்கத் தொடங்க அயலட்டைச் சனம் பொலிசுக்குச் சொல்லிப் போட்டுது, பொலிஸ் கதவில தட்டத் தட்ட உள்ளுக்க இந்தப் பாட்டின்ர வாத்தியப் பகுதியை முடிச்சுப் போட்டுத்தான் திறந்தவை. கடைசியில மாரி காலத்துக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய ஹோட்டலை எடுத்து அதின்ர ஓடையில மெத்தைகளை அடுக்கி வைச்சு மிச்ச அல்பத்தை வாசிச்சவை. ரெக்கோர்டிங் மெஷின் வெளியில லொறிக்குள்ள. வாசிச்சதைப் போட்டுக் கேக்கிறதெண்டா அறையளுக்கால பல்கனியளுக்கால சுத்திப் போகவேணும், ஆனபடியா "சரி, நல்லா வந்திருக்கும்" எண்டு நம்பிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போட்டினம். "மெஷின் ஹெட்" முழுக்க ஒரு துணிச்சல் கேக்குதெல்லோ, அது இதாலதான் எண்டு நான் நம்புறன்.

நான் ட்ரம்ஸ் பழகுற பிள்ளை. லெட் செப்லினின்ர நாலாவது அல்பத்தில கடைசிப் பாட்டில வாற ட்ரம் சத்தம் மாதிரி எங்கட பாண்டில ஒருநாளும் வரேல்ல. என்ன சாமான் பாவிச்சவை?
— வாசகி, உப்புவெளி

தங்கச்சி, சாமானைத் தேடாதேங்கோ, ரூமைத் தேடுங்கோ.

அந்த அல்பம் 1971 நவம்பரில வந்தது, அட்டையில பேரும் இல்ல பாண்டின்ர பேரும் இல்ல. கூடுதலா இங்கிலாந்தில ஹெட்லி கிரேஞ்ச் எண்ட பழைய பெரிய வீட்டில பதிவு செய்தது, ஒரு காலத்தில ஏழை எளியதுகளை வைச்சிருந்த இடம், ஈரம், குளிர். கடைசிப் பாட்டு "வென் த லெவி பிரேக்ஸ்". அதுக்கு ஜோன் பொன்ஹாமின்ர ட்ரம்ஸை மாடிப்படிக்குக் கீழ இருந்த ஹோலில வைச்சுப் போட்டு, எஞ்சினியர் அன்டி ஜோன்ஸ் ரெண்டு மைக்கை மேல படிக்கட்டில இருந்து தொங்க விட்டவர். அவ்வளவுதான்! வழமையா பேஸ் ட்ரம்முக்குக் கிட்ட ஒரு மைக், ஸ்னேருக்கு ஒண்டு எண்டு வைப்பினமெல்லோ, இதில கிட்ட ஒரு மைக்கும் இல்ல. அடி விழுந்து, சுவரில பட்டு, படியால மேல ஏறித்தான் மைக்குக்கு வருது, அதுக்கு மேல ஒரு எக்கோ மெஷினையும் சேத்து, ரேப்பையும் கொஞ்சம் மெதுவாக்கிப் போட்டிருக்கினம், அதாலதான் ஆனை நடக்கிற மாதிரி இருக்கு.

நம்பாட்டி கோட்டை வாசலுக்குப் போங்கோ, கோணேசர் கோயிலுக்குப் போற வழியில அந்தக் கல் வளைவுக்குக் கீழ நிண்டு ஒருக்கா கையைத் தட்டிப் பாருங்கோ, பிறகு கடற்கரை மணலில நிண்டு அதே கையைத் தட்டுங்கோ. கை ஒண்டுதான், சத்தம் ரெண்டு. உங்கட பாண்ட் பழகுறது சின்ன அறையிலயா, கார்ப்பெற் போட்டதா? அப்பிடியெண்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுமையான ஒரு ஹோலைக் கேட்டெடுத்து, ட்ரம்ஸை நடுவில வைச்சு, போனைத் தூர உயரத்தில வைச்சுப் பதிஞ்சு பாருங்கோ. இன்னொண்டு, பொன்ஹாம் முறுக்கி அடிக்கிறவர் எண்டு கனபேர் நினைக்கினம், அந்தப் பாட்டை வடிவாக் கேளுங்கோ, அவசரமே இல்ல, ஒவ்வொரு அடிக்கும் பிறகு சத்தம் அடங்க இடம் விட்டுத்தான் அடுத்தது வருது.

பாட்டு அவையின்ர சொந்தமும் இல்ல. 1927இல மிசிசிப்பி ஆறு பெருகி அணைக்கட்டு உடைஞ்சு சனம் இடம்பெயர்ந்ததைப் பற்றி 1929இல கன்சாஸ் ஜோ மெக்கொயும் மெம்ஃபிஸ் மினியும் பதிஞ்சு வைச்சது. வெள்ளமும் இடம்பெயர்வும் கண்ட ஊர் எங்கட ஊர், பழைய பதிவையும் தேடிக் கேளுங்கோ, ரெண்டு கிற்றாரும் ஒரு குரலும்தான், ஆனா நெஞ்சில நிக்கும். பொன்ஹாம் 1980 செப்டம்பர் 25இல செத்தவர், வயசு 32. வேற ட்ரம்மரைப் போட்டு நடத்தாம மற்ற மூண்டு பேரும் பாண்டையே நிப்பாட்டினவை, அந்த முடிவுக்காகவே எனக்கு அவையில ஒரு தனி மரியாதை.

குயீன் பாண்டின்ர ஃப்ரெடி மேர்க்குரி இந்தியன் எண்டுறது உண்மையோ?
— வாசகர், மூதூர்

இந்தியாவில இருந்து போன பார்சிக் குடும்பம், சொந்தப் பேர் ஃபரூக் புல்சாரா, 1946இல சன்சிபாரில பிறந்தவர், பள்ளிக்கூடம் படிச்சது பம்பாய்க்குக் கிட்ட பஞ்ச்கனியில, பியானோவும் அங்கதான் பழகினது. திரும்பக் கேக்கிறதெண்டா "எ நைட் அட் த ஒபெரா", 1975. கூட்டமாப் பாடுற மாதிரிக் கேக்கிற இடமெல்லாம் மூண்டே மூண்டு பேர் திரும்பத் திரும்பப் பாடி ஒண்டுக்கு மேல ஒண்டாப் பதிஞ்சது. ஹெட்போனில கேளுங்கோ.

என்ர மகன் பிளக் சபத் எண்டு ஒரு பாண்டின்ர பாட்டுகளைப் பகலும் இரவும் போடுறான், சுவரில சிலுவையும் கறுப்பு உடுப்புமாப் படம். பிசாசு வழிபாடு எண்டு சொந்தக்காரர் சொல்லினம். பயமா இருக்கு.
— ஒரு தாய், நிலாவெளி

பயப்பிடாதேங்கோ அம்மா. பேரை ஒரு பேய்ப்படத்தில இருந்து எடுத்தவை, அதால வந்த கதைதான் இது. நாலு பேரும் பேர்மிங்ஹாம் தொழிற்சாலைப் பக்கத்துக் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளையள், பாட்டெழுதின கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில வளந்தவர், 1971இல வந்த "மாஸ்டர் ஒஃப் ரியாலிற்றி" அல்பத்தில "ஆஃப்டர் ஃபொரெவர்" எண்டு கடவுள் நம்பிக்கைக்குச் சார்பாவே ஒரு பாட்டு இருக்கு. 1970இல வந்த "பரனொயிட்" அல்பத்தின்ர முதல் பாட்டு "வோர் பிக்ஸ்", சண்டையைத் தொடக்கிப் போட்டுத் தாங்கள் பத்திரமா இருந்துகொண்டு ஏழைப் பிள்ளையளை அனுப்பிறவையை நேருக்கு நேர் திட்டுற பாட்டு. வியற்நாம் காலத்துப் பாட்டுத்தான், ஆனா நாங்கள் இருந்த இருப்புக்கு அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டாம். மகனைக் கூப்பிட்டு அந்தப் பாட்டின்ர கருத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ, ஆசையாச் சொல்லுவான்.

கிற்றார் வாசிக்கிற ரோனி அயோமியின்ர கதையையும் அவனிட்டக் கேளுங்கோ. இடக்கைக்காரர், தகரத் தொழிற்சாலையில வேலை செய்யேக்க மெஷினில அகப்பட்டு வலக்கையில ரெண்டு விரலின்ர நுனி போட்டுது, அவருக்குத் தந்தியை அமத்துற கை அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி மாதிரிச் செய்து, மெல்லிய தந்தி போட்டு வாசிச்சவர், பிறகு தந்தியை இளக்கிச் சுருதியையும் இறக்கினவர், அந்த இறக்கின சுருதியிலதான் இண்டைக்கும் ஹெவி மெற்றல் ஓடுது. 2025 ஜூலை 5இல தங்கட சொந்த ஊரில நாலு பேரும் கடைசியா ஒருக்காச் சேந்து வாசிச்சவை, ஒஸி ஒஸ்போர்ன் நிக்க ஏலாம கதிரையில இருந்துதான் பாடினவர், ஜூலை 22இல செத்துப் போனார். உங்கட பிள்ளை அதுக்கு அழுதிருந்தா ஆச்சரியப்படாதேங்கோ.

எங்கட ஊரில கிற்றார் பிடிச்ச ஆக்கள் முந்தி இருந்தவையோ?
— வாசகர், அன்புவழிபுரம்

இருந்தவை தம்பி, பரமேஸ் கோணேஸ் எங்கட திருகோணமலை ஆக்கள்தானே. தமிழில பொப் பாட்டு இலங்கையில பெரிசா எழும்பின காலத்தில முன்னுக்கு நிண்டவை. அது றொக் இல்லத்தான், ஆனா தமிழையும் கிற்றாரையும் ஒண்டாச் சேக்கலாம் எண்டு காட்டின தைரியம் சின்ன விசயமில்ல. உங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேளுங்கோ, பாடியே காட்டுவினம்.

பிங்க் ஃபுளொய்டின்ர "த டார்க் சைட் ஒஃப் த மூன்" கேக்கேக்க ஒரு பாட்டில ஒரு பொம்பிளை சொல்லே இல்லாமல் கதறுறா. ஆர் அவ? எப்ப கேட்டாலும் எனக்குக் கண் கலங்கும்.
— வாசகி, பாலையூற்று

அந்தப் பாட்டு "த கிரேட் கிக் இன் த ஸ்கை", பாடினவ கிளேர் ரொரி. 1973 ஜனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டன் அபே ரோட் ஸ்ரூடியோவுக்கு எஞ்சினியர் அலன் பார்சன்ஸ் சொல்லிக் கூப்பிட்ட இளம் பாடகி. பாண்டில கீபோர்ட் வாசிச்ச ரிக் ரைட்டின்ர பியானோவைப் போட்டுக் காட்டி, சாவைப் பற்றின இசை, சொல் ஒண்டும் வேண்டாம், பாடு எண்டு சொல்லியிருக்கினம். முதல்ல "பேபி பேபி" எண்டு தொடங்கினவ, அது வேண்டாம் எண்டாப் பிறகு தன்ர குரலை ஒரு வாத்தியமா நினைச்சுப் பாடினவ. ஆலாபனை கேட்டு வளந்த எங்களுக்கு அது புதினமில்ல, சொல்லில்லாம அழலாம் எண்டு எங்களுக்குத் தெரியும், ஆனா அந்தப் பிள்ளைக்கு ஆரும் ராகமும் சொல்லிக் குடுக்கேல்ல, ரெண்டு மூண்டு தரம் பாடிப் போட்டு, மோசமாப் பாடிப் போட்டன் எண்ட நினைப்போட வீட்டை போட்டா. சம்பளம் 30 பவுண்.

இந்த அல்பத்தில இப்பிடித்தான், பாண்டுக்கு வெளியில இருந்து வந்த ஆக்கள் நிறைய. "ரைம்" பாட்டின்ர தொடக்கத்தில அடிக்கிற மணிக்கூடுகள் அலன் பார்சன்ஸ் ஒரு பழஞ்சாமான் கடையில பதிஞ்சது. முடிவில இருதயத் துடிப்புக்கு மேல நிலவின்ர இருட்டுப் பக்கத்தைப் பற்றிக் கதைக்கிறவர் ஸ்ரூடியோ வாசல்காரர். "மணி" பாட்டின்ர காசுச் சத்தம் ரேப்பைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டினது, தாளம் ஏழு, மிஸ்ர சாபு தெரிஞ்சவை தொடையில போட்டுப் பாருங்கோ, கிற்றார் தனிய வாசிக்கத் தொடங்க நாலுக்கு மாறும், பிறகு திரும்ப ஏழுக்கு வரும்.

கிளேர் ரொரி 2004இல வழக்குப் போட்டவ, மெட்டுக் கட்டினது பாதி நான் எண்டு. 2005இல இணக்கமா முடிஞ்சது, அவவுக்கு நியாயம் கிடைச்சதெண்டுதான் நான் சொல்லுவன், அந்தப் பாட்டில இருந்து அவவின்ர குரலை எடுத்தா மிச்சம் ஒரு வடிவான பியானோ மட்டும்தானே. உங்களிட்ட இருக்கிற சீடியின்ர அட்டையைப் பாருங்கோ, பழைய பதிப்பெண்டா இசை எண்ட இடத்தில ரைட்டின்ர பேர் மட்டும்தான் இருக்கும், வழக்குக்குப் பிறகு வந்ததெண்டா ரெண்டு பேரின்ர பேரும் இருக்கும்.