ஈசூன் வீட்டுத் தண்ணீர்: முதலில் ஜன்னலை மூடுங்கள்

சலவை இயந்திரக் குழாய் கழன்று கூடம் முழுக்கத் தண்ணீர், துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து இரண்டு நாளாக மின்விசிறி ஓட்டியும் வாடை போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிக்கலே அந்த ஜன்னல்தான். நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். மின்விசிறி சுவரின் அடிப்பக்கம் பார்த்து ஓடட்டும்.

அப்புறம், வினைல் தரை என்கிறீர்களே, சுவரோரமாக ஒரு பலகையைப் பெயர்த்துப் பாருங்கள். போன வருஷம் என் வீட்டில் மேலே தொட்டால் காய்ந்திருந்தது. பெயர்த்தால் சிமெண்ட் கறுத்துக் கிடந்தது, அடி விரிப்பு ரசத்தில் ஊறிய வடை மாதிரி பிய்ந்து வந்தது. பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சமையலறை அலமாரியின் அடிப்பலகையையும் கழற்றுங்கள்.

உலர்த்த ஆள் கூப்பிட்டால், ஈரமானியை வைத்து வேலைக்கு முன்னும் பின்னும் ஈரத்தை அளந்து காட்டுவார்களா என்று கேளுங்கள். வெறும் தண்ணீர் உறிஞ்சியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்புபவர்கள் வேண்டாம்.

எதையும் தூக்கி எறியுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தீக்காப்பீடு உங்கள் தளவாடங்களுக்குக் கிடையாது, தனி வீட்டுக் காப்பீடு இருந்தால்தான் கேட்க முடியும். கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கறை இருக்கிறதா என்றும் இன்றே போய்க் கேட்டுவிடுங்கள்.