பெயரை மாற்றாதே, நிறத்தைத் தொடாதே: கால்பந்து கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கிளப்பை வாங்கிய முதலாளி பெயர், நிறம், சின்னம் என்று கைவைக்க ஆரம்பித்தால் ரசிகர்களால் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, கொல்கத்தாவின் மோகன் பகான் ரசிகர்கள் "ரிமூவ் ஏடிகே", அதாவது ஏடிகேயை எடு என்று வருஷக்கணக்காகக் கத்தினார்களே, அது என்ன விவகாரம்? மூன்று எழுத்துக்காகவா இவ்வளவு சண்டை? (திருச்சி வாசகர்)

மூன்று எழுத்துதான் தம்பி. ஆனால் அது இன்னொரு அணியின் பெயர். சிக்கலே அங்கேதான்.

மோகன் பகான் 1889இல் தொடங்கிய கிளப். 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பையைத் தூக்கியது. வெள்ளைக்காரப் பட்டாளத்து அணிக்கு எதிராக வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சாட்டர்ஜி ஒருவர் காலில் மட்டும்தான் பூட்ஸ். இன்றைக்கும் ஜூலை 29ஐ மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏடிகே அப்படியில்லை. 2014இல் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது 'அத்லெட்டிகோ டி கொல்கத்தா' என்று உருவான அணி. ஸ்பெயினின் அத்லெட்டிகோ மாட்ரிட் கூட்டிலிருந்து விலகியதும் அந்த மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியது.

2020 ஜனவரியில், ஏடிகேயின் முதலாளியான சஞ்சீவ் கோயங்காவின் ஆர்பிஎஸ்ஜி குழுமம் மோகன் பகான் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அந்த மார்ச் 10ஆம் தேதி மோகன் பகான் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் பட்டத்தை உறுதி செய்தது. 14ஆம் தேதி, கொரோனாவால் ஆளே இல்லாத கோவா மைதானத்தில், ஏடிகே நம்ம சென்னையின் எஃப்சியை 3-1 என்று தோற்கடித்து ஐஎஸ்எல் கோப்பையை வாங்கியது. அடுத்த சீசனில் இரண்டு சாம்பியன்களும் ஒரே அணி, பெயர் 'ஏடிகே மோகன் பகான்'. மோகன் பகானின் பச்சையும் மெரூனும் தப்பின, பாய்மரப் படகுச் சின்னமும் தப்பியது. ஆனால் 131 வருஷப் பெயருக்கு முன்னால் ஆறு வருஷப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றுவரை எதிரே ஆடிய அணியின் பெயரை இன்றைக்கு நீங்களே கத்த வேண்டும் என்றால் வாய் வருமா?

முதல் இரண்டு ஐஎஸ்எல் சீசனும் கோவாவிலேயே நடந்துவிட்டன. அதனால் எதிர்ப்பு தெருவிலும் கைபேசியிலும்தான் இருந்தது. கொல்கத்தாவில் ஆட்டங்கள் திரும்பியபின் கேலரியில் பேனர் ஏறியது. சிலர் மைதானப் பக்கமே போவதில்லை என்று இருந்தார்கள்.

கேள்வி: சார், 1990களில் 'மெக்டவல் மோகன் பகான்', 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்' என்று சாராயக் கம்பெனிப் பெயரையே முன்னால் வைத்திருந்தார்கள். அப்போது இல்லாத ரோஷம் இப்போது எங்கிருந்து வந்தது? (சென்னை வாசகர்)

நல்ல குத்தல். அது ஸ்பான்சர் பெயர். பணம் நின்றால் பெயரும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தல்காரன் விளம்பரப் பலகை கட்டுவதால் கல்யாண வீடு அவனுடையதாகிவிடாது. ஏடிகே விஷயத்தில் வந்தவர் பலகை கட்ட வரவில்லை, வீட்டில் பெரும் பங்கையே வாங்கியிருந்தார். அந்தப் பெயருக்கென்று தனி வரலாறும் மூன்று ஐஎஸ்எல் பட்டமும் வேறு இருந்தன. எந்த வரலாறு எதற்குள் கரைகிறது என்பதுதான் பயம்.

கேள்வி: கடைசியில் அவர்கள் ஜெயித்தார்களா இல்லையா? ஏடிகே போய் 'சூப்பர் ஜயண்ட்' வந்தது. அதுவும் கோயங்காவின் பிராண்டுதானே? (கோவை வாசகர்)

ஆமாம், லக்னோ கிரிக்கெட் அணிக்கு வைத்த அதே பெயர்தான். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு எஃப்சியைப் பெனால்டியில் வென்ற கையோடு, அடுத்த சீசனில் பெயர் மாறும் என்று கோயங்கா அறிவித்தார். ஜூன் 1 முதல் 'மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்'. அதற்கு முன்பு மே மாதம், லக்னோ அணி ஈடன் கார்டனில் கொல்கத்தாவோடு ஆடியபோது பச்சை-மெரூன் ஜெர்சியில் இறங்கியது.

என்னைக் கேட்டால் முக்கால் வெற்றி. கிளப்பின் பெயர் முன்னால் வந்துவிட்டது, எதிரணியின் பெயர் ஒழிந்தது, முதலாளியின் ஒட்டு பின்னால் போயிற்று. நேரத்தையும் கவனியுங்கள்: கோப்பையோடு நிற்கும்போது அறிவித்தால் அது பணிந்துபோனதாகத் தெரியாது, பரிசு கொடுத்ததாகத் தெரியும். முதலாளிக்கு முகம் கோணாமல் பின்வாங்க ஒரு வழி வேண்டும். போராடுகிறவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

கேள்வி: வேல்ஸ் நாட்டிலிருந்து இங்கிலாந்து லீக்கில் ஆடும் கார்டிஃப் சிட்டியை மலேசிய முதலாளி வின்சென்ட் டான் சிவப்பாக்கினார். அதே சீசனில் ஜெயித்து பிரீமியர் லீக்குக்கும் போனார்கள். இதற்குமேல் ரசிகனுக்கு என்ன வேண்டும்? (கோலாலம்பூர் வாசகர்)

நீலம் வேண்டும்.

கார்டிஃபின் பட்டப்பெயரே 'புளூபேர்ட்ஸ்'. 2012 மே மாதம் திட்டம் கசிந்து எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஜூனில் அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். சிவப்பு ஜெர்சி, சின்னத்தில் பெரிய டிராகன், அடியில் சின்னதாக நீலப்பறவை. கூடவே முதலீடு செய்வதாக வாக்குறுதி. கிளப் கடனில் இருந்த நேரம். பாதி ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2013இல் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலை லீக்கை வென்று, 1962க்குப் பிறகு முதல்முறையாக முதல் டிவிஷனுக்குப் போனார்கள். அந்த சந்தோஷத்தில்கூட வாய் அடங்கவில்லை. ஆட்டக் கடிகாரம் 19 நிமிடம் 27 விநாடி காட்டும்போது எழுந்து, நீலத் துண்டைப் பிடித்துப் பாடுவார்கள். 1927இல் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோன ஒரே கிளப் கார்டிஃப். அந்த வருஷத்தின் கணக்கு அது. அமைதியாக, சண்டை சச்சரவு இல்லாமல், தொலைக்காட்சி கேமரா தவறவிட முடியாதபடி ஒரு எதிர்ப்பு. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரே சீசனில் கீழே இறங்கிவிட்டார்கள். வெற்றி போனதும் சிவப்புக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் மிஞ்சவில்லை. 2015 ஜனவரி 2ஆம் தேதி எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு, 33,000 பேர் உட்காரும் மைதானத்தில் வந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஒரு வாரத்தில் நீலம் திரும்பியது. ஃபுல்ஹாமுக்கு எதிராக நீலத்தில் இறங்கி 1-0 என்று ஜெயித்தார்கள். தன் தாயார் ஒற்றுமையைப் பற்றிச் சொன்ன புத்திமதிதான் காரணம் என்றார் டான். இருக்கலாம். காலி நாற்காலிகளும் கொஞ்சம் புத்திமதி சொல்லியிருக்கும்.

கேள்வி: கார்டிஃபில் அத்தனை வருஷம் இழுத்தது. ஹல் சிட்டியில் மட்டும் எப்படி ஒரேயடியாகத் தடுத்தார்கள்? (பெங்களூரு வாசகர்)

ஒரேயடியாக இல்லை, இரண்டு தடவை தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கே ஒரு கதவு இருந்தது, அதைத் தட்டினார்கள். இங்கிலாந்தில் கிளப் தன் பெயரை மாற்ற எஃப்ஏ, அதாவது இங்கிலாந்து கால்பந்து சங்கம் சம்மதிக்க வேண்டும். நிறத்துக்கும் சின்னத்துக்கும் அப்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. கார்டிஃப் மாட்டியது அதனால்தான்.

1904இல் தொடங்கிய ஹல் சிட்டியை 2010 டிசம்பரில், திவாலாகும் நிலையில் வாங்கிக் காப்பாற்றியவர் எகிப்தில் பிறந்த அசெம் அல்லாம். 2013 ஆகஸ்டில் 'ஹல் சிட்டி டைகர்ஸ்' என்று மாற்றப்போவதாகச் சொன்னார். 'சிட்டி டில் வி டை', அதாவது சாகும்வரை சிட்டிதான் என்ற பெயரில் ரசிகர்கள் திரண்டார்கள். எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் சாகட்டும் என்ற அர்த்தத்தில் அல்லாம் பதில் சொல்ல, நடுவில் நின்றவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

கிளப் நடத்திய வாக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் "அல்லாம் குடும்பம் தொடர்ந்து நடத்த, டைகர்ஸுக்குச் சரி". மறுபக்கம் வெறும் "வேண்டாம்". பெயரைப் பற்றிய கேள்வியா, முதலாளி ஓடிவிடுவாரா என்ற மிரட்டலா? அப்படிக் கேட்டும் 2,565க்கு 2,517. வித்தியாசம் வெறும் 48. பதினைந்தாயிரம் சீசன் டிக்கெட்காரர்களில் பாதிக்கு மேல் வாக்கே போடவில்லை. 2014 ஏப்ரலில் எஃப்ஏ கவுன்சில் நிராகரித்தது. நடைமுறை சரியில்லை என்று அல்லாம் தரப்பு நடுவர் மன்றத்தில் ஜெயித்து வந்தது. 2015 ஜூலையில் கவுன்சில் மறுபடி நிராகரித்தது.

2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டப்படி சின்னத்தையோ முக்கிய ஜெர்சி நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையின் ஆதரவைக் காட்ட வேண்டும். கார்டிஃப் ரசிகர்களுக்கு 13 வருஷம் தாமதம்.

கேள்வி: லீட்ஸ் யுனைடெட் சின்னம் பற்றி இரண்டு வரி சொல்லுங்களேன். (மதுரை வாசகர்)

2018 ஜனவரி. கிளப் காட்டிய புதுச் சின்னத்தில் நெஞ்சில் கைவைத்த ஒரு தலையில்லாத உடம்பு. பத்தாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டோம் என்றது கிளப். வயிற்றெரிச்சல் மருந்து விளம்பரம் என்று ஊரே சிரித்தது. ஆன்லைன் மனுவில் கையெழுத்துகள் குவிந்தன, கிளப் பின்வாங்கியது. கோபத்தைவிடச் சிரிப்பு வேகமாக வேலை செய்யும்.

கேள்வி: எல்லாம் செய்தும் தோற்றுவிட்டால்? (யாழ்ப்பாண வாசகர்)

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் அதுதான் நடந்தது. 1933இல் தொடங்கிய ஊதா-வெள்ளை கிளப் ஆஸ்திரியா சால்ஸ்பர்க். 2005இல் ரெட் புல் பானக் கம்பெனி வாங்கியதும் பெயர், நிறம், சின்னம் எல்லாம் போயின. பேச்சுவார்த்தையில் ஊதாவுக்குக் கொடுத்த இடங்களில் ஒன்று கோல்கீப்பரின் காலுறை. அதற்குமேல் என்ன பேசுவது? ரசிகர்கள் எழுந்து வந்து அதே பெயரில், அதே ஊதாவில் கிளப்பைத் திரும்பத் தொடங்கி ஏழாவது டிவிஷனிலிருந்து ஆடினார்கள். 2023 செப்டம்பரில் கோப்பைப் போட்டியில் இரண்டும் மோதின. ரெட் புல் 4-0. ஸ்கோரைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கால்பந்து கிளப்பை 2002இல் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிப்போக அனுமதி கிடைத்தபோதும் இதே வழிதான். பூங்கா மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாவது டிவிஷனில் தொடங்கினார்கள். 2011இல் தொழில்முறை லீக், 2020இல் பழைய பிளவ் லேன் தெருவில் சொந்த மைதானம். ஆனால் இதை லேசாக யோசனை சொல்லிவிட முடியாது. டிக்கெட் கிழிப்பதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை ரசிகர்களே இழுக்க வேண்டும். பிரிந்து போகாமல் பழைய கிளப்பிலேயே தங்கியவர்களோடு உறவும் முறியும்.

கேள்வி: அப்படியானால் எந்த மாற்றமும் கூடாதா? எல்லா கிளப்பும் ஏதோ ஒரு காலத்தில் மாறியதுதானே? (சேலம் வாசகர்)

மாறியதுதான். ரிவர்சைட் என்ற பெயரில் 1899இல் தொடங்கியபோது கார்டிஃபின் நிறம் சாக்லேட்டும் மஞ்சளும். லிவர்பூல் முதலில் ஆடியது நீல-வெள்ளையில். லீட்ஸ் நீலம்-மஞ்சளில் ஆடிக்கொண்டிருந்த கிளப். 1960களின் தொடக்கத்தில் மேனேஜர் டான் ரெவி முழு வெள்ளைக்கு மாற்றினார். இன்று அந்த வெள்ளையைத் தொட்டால் ஊர் எரியும்.

அதனால் பழசு என்பதற்காகவே எதிர்க்கச் சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது இரண்டுதான்: கேட்டுவிட்டுச் செய்கிறார்களா, பிடிக்காவிட்டால் திரும்பிவர வழி இருக்கிறதா. 2013இல் எவர்ட்டன் புதுச் சின்னத்தில் லத்தீன் வாசகத்தைத் தூக்கியதும் சத்தம் எழுந்தது. கிளப் மன்னிப்புக் கேட்டு, ரசிகர்களையே வாக்களிக்க வைத்து, 2014-15க்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சின்னத்தைப் போட்டது. 2013-14 என்ற ஒரு சீசனுக்கு மட்டும் அந்தத் தப்புச் சின்னத்தோடு அச்சான ஜெர்சிகள் இன்றைக்கும் சிலர் அலமாரியில் கிடக்கின்றன.