மாடு நன்றாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து மேய்ப்பவருக்குத் தூக்க நோய் வருமா?

வரும். ஆனால் மாட்டைத் தொடுவதால் அல்ல, நடுவில் இருக்கும் செட்சி ஈயால். ஆப்பிரிக்காவில் வாழும் இந்த ஈ ரத்தம் குடிக்க மாட்டையும் மனிதரையும் கடிக்கும்; அப்போது நோயைக் கடத்திவிடும். உகாண்டாவையே பாருங்கள். 1998 இறுதியில் சொரோட்டி மாவட்டத்தில் இந்த நோய் பரவியது. நோயுள்ள பகுதிகளிலிருந்து சந்தைக்கு ஓட்டிவந்த மாடுகளின் ரத்தத்தில் இந்த நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இருந்திருக்கிறது. நாட்டு மாடுகள் பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் அதைச் சுமக்கும். வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? மனிதருக்கோ முதலில் காய்ச்சல், தலைவலி. அப்புறம் ஒட்டுண்ணி மூளைக்குப் போய்விடும். மருந்து கொடுக்காவிட்டால் உயிர் தங்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஒன்று உண்டு. இந்த ஈ பெரும்பாலும் மாட்டின் கால்களிலும் அடிவயிற்றிலும்தான் கடிக்கும். அங்கே மட்டும் பூச்சிமருந்து தெளித்தாலே நல்ல பலன், செலவும் குறைவு. விற்பதற்கு முன் ஒட்டுண்ணியைக் கொல்லும் ஊசியும் போட்டுவிட்டால், சந்தை வழியாக நோய் ஊர் மாறுவது பெருமளவு குறையும்.