பிளாஸ்டிக்ல இருக்குற கெமிக்கல் பசங்களோட ஆண்தன்மைய பாதிக்குமா?

பாட்டில் தண்ணி குடிச்சு குடிச்சு ஆம்பளைங்க பொம்பள மாதிரி ஆயிடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க, ஆக மாட்டாங்க. வளர்ந்த ஆளுக்கு உறுப்பெல்லாம் பிறக்குறதுக்கு முன்னாடியே உருவாகி முடிஞ்சது. ஆனா பயப்பட வேண்டிய இடம் வேற, அது கர்ப்பம்.

மொத ஆறேழு வாரம் கரு ஆணா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் உறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஆண் கருவோட விரை டெஸ்டோஸ்டீரான்ங்குற ஆண் ஹார்மோன சுரக்க ஆரம்பிக்கும், சுமாரா 8லேர்ந்து 14 வாரத்துக்குள்ள அது போதுமான அளவு கிடைக்கணும், கிடைக்கலன்னா பின்னாடி எவ்ளோ சுரந்தாலும் ஆண் உறுப்பு உருவாகுற வேலை முழுசா நடக்காது. சிறுநீர் துவாரம் நுனில இல்லாம கீழ தள்ளி இருக்குறது, விரை பைக்குள்ள இறங்காம நிக்கிறது இதெல்லாம் அந்த சமயத்துல ஹார்மோன் குறைஞ்சா வரக்கூடியது (எல்லா கேஸும் கெமிக்கலால இல்ல, ஜீன் காரணமும் உண்டு).

பிளாஸ்டிக்க வளையுற மாதிரி ஆக்க சேர்க்குற தாலேட் சிலது எலிக்கருவுல டெஸ்டோஸ்டீரான் சுரப்பையே குறைக்குதுன்னு தெளிவா காட்டியிருக்காங்க. மனுஷங்கள்ல அவ்ளோ அடிச்சு சொல்ல முடியாது, ஆனா 2005ல ஷானா ஸ்வான்னு ஒரு ஆராய்ச்சியாளரோட டீம் பாத்தப்போ கர்ப்பத்துல அம்மாவோட சிறுநீர்ல தாலேட் அதிகமா இருந்தா ஆண் குழந்தைக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல உள்ள தூரம் கம்மியா இருந்துச்சு. கருவுல டெஸ்டோஸ்டீரான் எப்படி வேலை செஞ்சதுன்னு காட்டுற அளவு அது.

கர்ப்பத்துல உள்ள போற கெமிக்கல் குழந்தைய பாதிக்கும்னு மனுஷங்கள்ல மறுக்கவே முடியாத ஆதாரம் வேணும்னா டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமா டிஇஎஸ். இது சுற்றுச்சூழல் கெமிக்கல் இல்ல, மாத்திரை. கருக்கலையாம இருக்கன்னு 1940கள்லேர்ந்து டாக்டர்களே எழுதிக் கொடுத்த செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்), கரு கலையுறத தடுக்கலன்னு 1953லயே ஆராய்ச்சி வந்தும் நிறுத்தல! 1971லதான் ஹெர்ப்ஸ்ட்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும், டீன் ஏஜ் பொண்ணுங்களுக்கு வந்த ரொம்ப அரிதான பிறப்புறுப்பு கேன்சர் அவங்க அம்மா சாப்பிட்ட இந்த மாத்திரையாலன்னு கண்டுபிடிச்சாங்க. அப்படிப் பிறந்த பொண்ணுங்கள்ல நிறைய பேருக்கு கர்ப்பப்பை வடிவமே மாறியிருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டது அம்மா, கேன்சர் வந்தது பொண்ணுக்கு, அதுவும் பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு.

விலங்குல பாத்தா இன்னும் விசித்திரம். கப்பல் அடில பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிச்ச பெயின்ட்ல ட்ரைபியூட்டைல்டின்னு ஒண்ணு இருந்துச்சு, லிட்டருக்கு சில நானோகிராம் கடல்ல கலந்தாலே சில வகை பெண் நத்தைக்கு ஆணுறுப்பு முளைச்சிடும். 2008லதான் உலக அளவுல தடை அமலுக்கு வந்துச்சு.

அதனால உங்க வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா, இல்ல ப்ளான் பண்றாங்கன்னா, சூடான சாப்பாட்ட பிளாஸ்டிக்ல போடாதீங்க, மைக்ரோவேவ்ல பிளாஸ்டிக் டப்பாவோட வெச்சு சூடு பண்ணாதீங்க, வாசனை அதிகமா இருக்குற க்ரீம் ஸ்ப்ரே கொறைங்க (அதுலயும் தாலேட் இருக்கலாம்). தாலேட்டும், பிபிஏன்னு பிளாஸ்டிக்ல இருக்குற இன்னொரு கெமிக்கலும் ஒண்ணு ரெண்டு நாள்ல பெரும்பாலும் வெளியேறிடும், டிடிடி பூச்சிமருந்து மாதிரி கொழுப்புல வருஷக்கணக்கா தங்காது, அதனால இப்ப கொறைச்சாலும் பலன் உண்டு. 'பிபிஏ இல்லாதது'ன்னு போட்ட டப்பாவ மட்டும் ரொம்ப நம்பாதீங்க, அதுக்கு பதிலா சில கம்பெனி போடுற பிபிஎஸ்ங்குற கெமிக்கலும் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுற சரக்குதான்.